தராதரப்பத்திரமும் தலைமையும்

ஆங்கிலத்தில் இன்று ‘பிரின்சிப்பல்’ என வழங்கும் சொல், பாடசாலையைப் பொறுத்தவரையில், தொடக்கத்தில் ஓர் அடைமொழியாகவே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரப் பாடசாலைகளில் ஆசிரியர் பலர் ஒருங்கே பணியாற்றத் தொடங்கியபோது, அவர்களுள் முதல்வராக நின்று, தாமும் வகுப்பெடுத்து, வரவுப் பதிவையும் ஒழுங்கையும் கவனித்தவரே ‘பிரின்சிப்பல் டீச்சர்’, அதாவது தலைமை ஆசிரியர், எனப்பட்டார். காலப்போக்கில் ‘ஆசிரியர்’ என்னும் பெயர் உதிர்ந்தது. அடைமொழி மட்டும் எஞ்சி, அதுவே பதவியின் பெயராயிற்று. ஈழத்துத் தமிழிலும் இதனையொத்த மாற்றமொன்று நிகழ்ந்துள்ளமையை நம் வாசகர் அறிவர். தலைமை ஆசிரியர் என்ற வழக்குத் தேய்ந்து, அதிபர் என்ற வழக்கு நிலைபெற்றுவிட்டது. மாவட்டத்தை நிருவகிக்கும் அரசாங்க அதிபரையும், ஆலையை உடைய தொழிலதிபரையும் சுட்டும் சொல்லே பாடசாலையை நடத்துபவரையும் சுட்டுகின்றது. சொற்கள் காரணமின்றி மாறுவதில்லை. ஆசிரியர் என்னும் சொல் உதிர்ந்த இடத்தில் எது வந்து அமர்ந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினா.

இதற்கு நாம் எடுத்துக்கொள்வது, ஐக்கிய அமெரிக்காவிலே பொதுப் பாடசாலை நிருவாகிகளுக்கென மாநிலங்கள் விதித்துள்ள நியமங்களையும், அவற்றின் பேரில் வழங்கப்படும் தராதரப்பத்திரங்களையுமாம். அரசாங்க ஆவணமொன்றை இலக்கிய ஏடு விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். விமரிசனம் கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும் உரியதன்று. மனிதரிடையேயுள்ள உறவை மொழியில் வடித்துக் காட்டும் எந்த எழுத்தும் அதன் ஆய்வுக்கு உட்பட்டதே. நல்ல தலைவன் யார் என ஓர் அரசு எழுதிவைக்கும்போது, அச்சமுதாயம் அதிகாரத்தைப் பற்றி என்ன எண்ணுகின்றது என்பதை அவ்வெழுத்து, தான் அறியாமலே, வெளியிட்டுவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் பாடசாலைக் கல்வி முதன்மையாக மாநிலங்களின் பொறுப்பு. பொதுப் பாடசாலையொன்றின் அதிபராகவோ, பல பாடசாலைகளைக் கொண்ட பிரதேசமொன்றின் அத்தியட்சகராகவோ பணியாற்ற விரும்புபவர், பெரும்பாலான மாநிலங்களில், மாநில அரசு வழங்கும் அனுமதிப்பத்திரத்தைப் பெறல் வேண்டும். சில ஆண்டு ஆசிரிய அனுபவம், பட்டப்பின் படிப்பு, பயிற்சிக் காலம், பல மாநிலங்களில் ஒரு பரீட்சை என்பன அதற்கு ஏறவேண்டிய படிகள். இப்படிகள் எவற்றை அளக்கவேண்டும் என உரைப்பனவே நியமங்கள். 1996ஆம் ஆண்டில், மாநிலங்களின் கல்வித் தலைமை அதிகாரிகளுடைய பேரவையின் ஆதரவில், பல மாநிலங்கள் கூடி 6 நியமங்களை வகுத்தன. ஒவ்வொன்றின் கீழும் அறிவு, மனப்பாங்கு, செயல் என மூவகைக் குறிகாட்டிகள் அடுக்கப்பட்டன. அவை யாவும் சேர்ந்து 200ஐ நெருங்கின. பத்தாண்டு காலத்தில் 40க்கு மேற்பட்ட மாநிலங்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன, அல்லது அவற்றைத் தழுவித் தம் நியமங்களை அமைத்துக்கொண்டன. 2008இல் அவை திருத்தப்பட்டன. 2015இல் 10 நியமங்களாக மீண்டும் எழுதப்பட்டன.

இவ்வேற்பாட்டைக் கண்டிக்கப் புகுமுன் அதன் நியாயத்தையும் கூறுதல் கடன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெருநகரங்களில் ஆசிரியர் நியமனமும் அதிபர் நியமனமும் வட்டார அரசியல்வாதிகளின் கைப்பொருளாக இருந்தன. கட்சிக்கு உழைத்தவனின் உறவினருக்குப் பதவி, உழையாதவனுக்கு இடமாற்றம் என்பதே பல இடங்களில் நடைமுறை. இத்தகைய நிலையில், இன்ன கல்வியும் இன்ன அனுபவமும் உடையவரே இப்பதவிக்கு உரியவர் என்று அரசு விதித்தமை ஒரு முன்னேற்றமே. சிபாரிசுக் கடிதத்துக்கு எதிராக எளியவன் தூக்கிக் காட்டக்கூடிய ஒரே கடதாசி தராதரப்பத்திரந்தான். அரசியல்வாதியின் வாசலிற் காத்து நின்று பழகிய நாடுகளிலே வாழும் ஆசிரியர் இதனை எளிதில் மறுத்துவிட முடியாது. ஆகவே நியமம் வேண்டுமா வேண்டாமா என்பது நம் வினாவன்று. அந்நியமத்தை வகுத்தவர் யார், எந்த மாதிரியைக் கண்முன் கொண்டு வகுத்தனர், அது யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்பனவே நம் வினாக்கள்.

மாதிரி எங்கிருந்து வந்தது என்பதை முதலிற் காண்போம். 1911ஆம் ஆண்டில் பிரெடெரிக் டெய்லர் என்னும் பொறியியலாளர், ஆலைத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு அளந்து, வேலையைத் திட்டமிடுபவரையும் வேலையைச் செய்பவரையும் முற்றாகப் பிரித்து நிறுத்தும் முறையை ‘விஞ்ஞான முகாமை’ என்னும் பெயரில் நூலாக வெளியிட்டார். ஆலைக்கென எழுதப்பட்ட அம்முறை மிக விரைவிலேயே பாடசாலை வாயிலைத் தாண்டிற்று. 1913இல், மசச்சூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரின் பாடசாலை அத்தியட்சகராயிருந்த பிராங்க் ஸ்போல்டிங், ஒரு டொலருக்குக் கிரேக்க மொழியில் 5.9 மாணவர் பாடங்களும் பிரெஞ்சு மொழியில் 23.8 மாணவர் பாடங்களும் கிடைக்கின்றன எனக் கணக்கிட்டு, அந்த விலைக்குக் கிரேக்கக் கல்வியை இனியும் வாங்குதல் தகாது என்ற முடிவுக்கு வந்தார். கிரேக்கம் கற்பிக்கப்பட வேண்டுமா என்பது அறிஞர் விவாதிக்கக்கூடிய ஒரு பொருளே. ஆனால் அவர் அதனை விவாதிக்கவில்லை, விலை பேசினார். 1916இல் எல்வூட் கபர்லி பொதுப் பாடசாலை நிருவாகம் பற்றி எழுதிய பெருநூல், பாடசாலையை ஆலைக்கும், பிள்ளைகளை அதனுள் வார்த்தெடுக்கப்படும் மூலப்பொருளுக்கும் ஒப்பிட்டது. கபர்லி ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கல்விப் பகுதித் தலைவராகப் பல்லாண்டு வீற்றிருந்தவர். அவரிடம் பயின்றவரும், அவர் நூலைப் பயின்றவருமே நாடெங்கும் அத்தியட்சகர்களாயினர். நிருவாகிக்குத் தனிக் கல்வி, தனிச் சான்றிதழ் என்ற ஏற்பாடு மாநிலத்துக்கு மாநிலம் பரவியது இந்த அரைநூற்றாண்டிலேதான்.

இவ்வரலாற்றை 1962இல் நூலாக எழுதிய றேமண்ட் கலகன், ஒரு நுட்பமான காரணத்தைச் சுட்டினார். வணிகரும் பத்திரிகைகளும் பாடசாலைச் செலவைத் தாக்கியபோது, பதவி உறுதி இல்லாத நிருவாகிகள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டே வணிகரின் மொழியைப் பேசத் தலைப்பட்டனர் என்பது அவர் கூற்று. இஃது ஊன்றி நோக்கற்பாலது. அவர்கள் கொடியவர்கள் அல்லர், அஞ்சியவர்கள். யாருக்கு அஞ்சினார்களோ அவர்களின் மொழியே நியமத்தின் மொழியாயிற்று.

வேறு வழி அன்று இருக்கவில்லையா எனின், இருந்தது. எல்லா பிளாக் யங் என்னும் பெண்மணி 1909ஆம் ஆண்டில், தமது 64ஆவது வயதில், சிக்காகோ நகரின் பாடசாலை அத்தியட்சகரானார். அந்நாட்டில் ஒரு பெருநகரத்தின் பாடசாலைகளுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண் அவரே. ஜோன் டூயியின் மாணவியாகிய அவர், பாடசாலையில் நிலவும் தனிமைப்படுத்தல் குறித்து 1900இல் எழுதிய ஆய்வேட்டில், சிந்திப்பவர் மேலேயும் செயற்படுத்துபவர் கீழேயுமாகப் பிரிந்து நிற்கும் அமைப்புக் கல்வியையே கொல்லும் என்று வாதித்தார். ஆசிரியர் மன்றங்கள் கூடி ஆராய்ந்து முடிவெடுக்கும் முறையை வலியுறுத்தினார். 1915இல் அவர் பதவியை விட்டு நீங்கினார். வென்றது கபர்லியின் வழி. அதன் விளைவுகளுள் ஒன்றைப் புள்ளிவிபரமே காட்டும். 1928இல் அமெரிக்க ஆரம்பப் பாடசாலை அதிபர்களுள் 55 சதவீதத்தினர் பெண்கள். 1978இல் 18 சதவீதத்தினரே பெண்கள். வகுப்பறையில் நின்றோர் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தனர். தலைமைக்கு உரிய கல்வியும் சான்றிதழும் கூடக்கூடத் தலைமையிலிருந்து பெண் குறைந்தாள். நிருவாகம் என்பது ஆணின் தொழில் எனக் கருதிய சமுதாயத்தில், நிருவாகத்தைத் தனித் தொழிலாக்கிய சான்றிதழ் யாருக்குக் கதவைத் திறந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, தராதரப்பத்திரத்தின் வரலாற்றில் மிகக் கசப்பான அத்தியாயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடசாலைகள் இருந்த காலத்தில், கறுப்பின ஆசிரியருக்குக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. 1940இல், வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகர ஆசிரியர் தொடுத்த வழக்கில், இனத்தைக் காரணமாகக் கொண்டு சம்பளத்தில் வேறுபாடு காட்டுதல் அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இனத்தின் பெயரால் இனிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. அப்பொழுது துணைக்கு வந்தது பரீட்சை. தேசிய ஆசிரியர் பரீட்சை எனப்பட்ட ஒன்றின் புள்ளிகளைக்கொண்டு ஆசிரியரின் சான்றிதழைத் தரம் பிரித்து, அத்தரத்துக்கேற்பச் சம்பளம் வழங்கும் முறையைத் தென் கரோலைனா 1945இல் மேற்கொண்டது. பாழடைந்த பாடசாலைகளில் பயின்றவரைப் பரீட்சை கீழே நிறுத்தும் என்பதை அதனை ஏற்படுத்தியவர் அறிவர். நிறத்தின் பெயரால் செய்யமுடியாததைத் தராதரத்தின் பெயரால் செய்ய முடிந்தது.

இஃது ஒருபுறமிருக்க, இதற்கு நேர்மாறான இன்னொன்றும் நிகழ்ந்தது. தம் பல்கலைக்கழகங்களுக்குள் கறுப்பின மாணவரை அனுமதிக்க விரும்பாத தென் மாநிலங்கள், பட்டப்பின் படிப்பை நாடியோருக்குப் பணம் கொடுத்து வெளி மாநிலங்களுக்கு அனுப்பின. 1938இல் மிசூரி மாநிலத்துக்கு எதிராக லொயிட் கெயின்ஸ் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இதனைக் கண்டித்த பின்னரும் தென் மாநிலங்களில் இவ்வழக்கம் நீடித்தது. இதன் பயனாக, கறுப்பினப் பாடசாலைகளின் அதிபர்களுட் பலர் கொலம்பியா, நியூயோர்க், சிக்காகோ முதலிய பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டம் பெற்றுத் திரும்பினர். கோடை விடுமுறைதோறும் இரயிலேறிச் சென்று, பல ஆண்டுகளிற் படிப்பை முடித்தவர் எத்தனையோ பேர். விலக்கி வைத்த அரசே அவர்களை நாட்டின் சிறந்த கல்விக்கூடங்களுக்கு அனுப்பிவைத்தது என்பது வரலாற்றின் விந்தை. அயலிலிருந்த வெள்ளை அதிபரினும் உயர்ந்த தகைமை உடையவராகப் பல ஊர்களில் கறுப்பின அதிபர் விளங்கினார்.

1954இல், இனவாரியாகப் பாடசாலைகளைப் பிரித்தல் சட்டவிரோதம் என உயர் நீதிமன்றம் பிறௌன் வழக்கில் தீர்த்தது. மனித குலத்தின் முன்னேற்றத்தில் நாட்டமுடைய எவரும் போற்றும் தீர்ப்பு அது. ஆனால் அத்தீர்ப்பு நடைமுறைக்கு வந்த முறை யாது? மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பாடசாலைகள்; பதவி இழந்தவர் பெரும்பாலும் கறுப்பின ஆசிரியரும் அதிபருமே. 17 தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் 1954க்கும் 1965க்கும் இடையில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் அதிபர்களும் வேலை இழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. வட கரோலைனா மாநிலத்தில் 1963இல் 620 கறுப்பினத்தவர் ஆரம்பப் பாடசாலை அதிபர்களாக இருந்தனர். 1970இல் எஞ்சியவர் 170 பேர். இடைநிலைப் பாடசாலைகளில் 1963இல் இருந்தோர் 209 பேர். 1970இல் 10க்கும் குறைவு. 1973இல் மூவர் மட்டுமே. எஞ்சியோருட் பலர் உதவி அதிபராகத் தாழ்த்தப்பட்டனர். சிலர் பாடநூல் களஞ்சியத்துக்கோ பஸ் சேவையைக் கவனிக்கவோ அனுப்பப்பட்டனர். 1971இல் இப்பிரச்சினை பற்றி அமெரிக்க மூதவையின் தெரிவுக்குழு, வோல்டர் மொண்டேலின் தலைமையில், சாட்சியங்களைக் கேட்டது. அதற்குள் காரியம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருந்தது.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பட்டம் எங்கே போயிற்று? மாநிலத்தின் சான்றிதழ் எங்கே போயிற்று? அக்கடதாசிகள் செல்லுபடியற்றனவாகிவிடவில்லை. அவற்றை மதிக்கும் கைகள் தாம் இல்லாமற் போயின. தகைமை என்பது தனியொருவரின் பெட்டியில் இருக்கும் பொருளாக மட்டும் உள்ளவரை, அதனைப் பாராதிருக்க அதிகாரத்துக்கு எப்பொழுதும் முடியும். இதற்கு எதிராக நின்றது எது என்பதையும் அதே மாநிலம் காட்டிற்று. வட கரோலைனாவின் ஹைட் பிரதேசத்தில், தம் சமூகம் கட்டி வளர்த்த இரு பாடசாலைகளை மூடவிருந்தமையை எதிர்த்து, கறுப்பினப் பெற்றோர் 1968–69ஆம் பாடசாலை ஆண்டு முழுவதும் தம் பிள்ளைகளைப் பாடசாலைகளுக்கு அனுப்ப மறுத்தனர். இறுதியில் அப்பாடசாலைகள் காக்கப்பட்டன. அவற்றைக் காத்தது ஒரு சான்றிதழ் அன்று. தம் பாடசாலையின் பெறுமதியை அறிந்த மக்களின் ஒற்றுமை.

தகைமையுடையவரைச் சான்றிதழ் காக்கவில்லை என்பது ஒரு பாதி. தகைமையற்றவரைச் சான்றிதழ் தடுத்ததா என்பது மறுபாதி. 2010ஆம் ஆண்டு நவம்பரில், நியூயோர்க் மாநகர முதல்வரும் பெருஞ் செல்வருமான மைக்கேல் புளூம்பேர்க், நாட்டின் மிகப் பெரிய பாடசாலைத் தொகுதிக்குத் தலைவராகக் கத்தலீன் பிளாக்கைத் தெரிவு செய்தார். அவர் சஞ்சிகை வெளியீட்டு நிறுவனமொன்றின் தலைவியாக இருந்தவர். கல்வித்துறை அனுபவம் அற்றவர். மாநிலச் சட்டம் கோரிய சான்றிதழ் அவரிடம் இருக்கவில்லை. கல்வி அறிந்த ஒருவரை அவருக்குத் துணையாக நியமிக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் மாநிலக் கல்வி ஆணையாளர் விலக்களித்தார். 2011 ஜனவரியிற் பதவியேற்ற அவர், ஏப்பிரல் மாதத்திலேயே பதவியை விட்டு நீங்கினார். அவருக்கு முன் அப்பதவியை வகித்த சட்டத்தரணி ஜோயல் கிளைனுக்கும் 2002இல் இத்தகைய விலக்கே அளிக்கப்பட்டிருந்தது. இருநிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. தெற்கிலே பட்டமும் சான்றிதழும் அனுபவமும் ஒருங்கே உடைய அதிபருக்குக் களஞ்சியம். வடக்கிலே சான்றிதழே இல்லாத நிறுவனத் தலைவிக்கு மாநகரத்துப் பாடசாலைகள் அனைத்தும். வலியவனுக்கு வளைவதும் எளியவனுக்கு இறுகுவதுமான கதவைக் கதவு என்று சொல்லலாம். நியமம் என்று சொல்லுதல் தகாது.

இக்குறையைக் கண்டு, சான்றிதழையே ஒழித்துவிடுக எனக் கூறுவோரும் உளர். 2003இல் போர்டாம் நிறுவனமும் புரோட் அறநிதியமும் சேர்ந்து வெளியிட்ட பிரகடனம் அவ்வாறுதான் கூறிற்று. படையிலும் வணிகத்திலும் தலைமை தாங்கியவருக்குப் பாடசாலைக் கதவைத் திறந்துவிடுக என்பது அதன் சாரம். நியமத்தை ஆதரிப்போரும் ஒழிக்க முயல்வோரும் பகைவர்போலத் தோன்றினும், இரு திறத்தாரும் ஒரே படத்தைத்தான் கையில் வைத்திருக்கின்றனர். பாடசாலை என்பது ஒரு தலைவரின் ஆற்றலால் எழுவது அல்லது வீழ்வது என்பதே அப்படம். அத்தலைவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுப்பதா, வணிக நிலையத்திலிருந்து எடுப்பதா என்பதில்தான் சச்சரவு.

நிற்க. இனி நியமங்களின் வாசகத்தையே சிறிது நோக்குவோம். குறைகூறும் ஆவலில் உள்ளதை மறைத்தல் விமரிசனத்துக்கு அழகன்று. 1996ஆம் ஆண்டு நியமங்களுள் நான்காவது, குடும்பங்களுடனும் சமூகத்துடனும் கூடி உழைத்தலைப் பேசுகின்றது. ஐந்தாவது, நேர்மையையும் நீதியையும் பேசுகின்றது. ஆறாவது, அரசியல், சமூக, பொருளாதாரச் சூழலை விளங்கிக்கொள்ளலைப் பேசுகின்றது. 2015ஆம் ஆண்டு வாசகம் சமத்துவத்துக்கென ஒரு நியமத்தையே ஒதுக்கியது. ஸ்போல்டிங்கின் டொலர்க் கணக்கிலிருந்து இது வெகுதூரம் என்பதில் ஐயமில்லை. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 1996இல் ‘எல்லா மாணவரின்’ வெற்றி எனக் கூறப்பட்டது. 2008இல் அது ‘ஒவ்வொரு மாணவரின்’ வெற்றி ஆயிற்று. 2015இலோ தனித்தனியே ‘ஒவ்வொருவரின்’ கல்வி வெற்றியும் நல்வாழ்வும் என அது மேலும் நுணுகிற்று. பன்மை ஒருமையாகிக் கனிந்துகொண்டே வந்துள்ளது.

ஆனால் இலக்கணம் பயின்ற கண்ணுக்கு இன்னொன்று புலப்படும். மாணவர் என்னும் சொல் எவ்வளவு கனிந்தபோதும், அந்நியமங்களின் எழுவாய் மாறவில்லை. 1996இல் 6 நியமங்களும் ஒரே தொடரில் தொடங்குகின்றன, எழுவாய் தலைவர். 2015இல் 10 நியமங்களுக்கும் எழுவாய் தலைவர்களே. நோக்கை வகுப்பவர் தலைவர். பண்பாட்டை வளர்ப்பவர் தலைவர். சமத்துவத்துக்குப் பாடுபடுபவர் தலைவர். சமூகத்தை ஈடுபடுத்துபவரும் தலைவரே. ஆசிரியர், பெற்றோர், மாணவர் யாவரும் செயப்படுபொருளாகவே வந்து நிற்கின்றனர். அவர்கள் வளர்க்கப்படுகின்றனர், ஊக்கப்படுத்தப்படுகின்றனர், ஈடுபடுத்தப்படுகின்றனர். அவர்கள் கேட்பதாகவோ, மறுப்பதாகவோ, தெரிவு செய்வதாகவோ, தலைவரை விலக்குவதாகவோ ஒரு வாக்கியமும் இல்லை. ஹைட் பிரதேசத்துப் பெற்றோர் செய்தது போன்ற செயலுக்கு இந்நூற்றுக்கணக்கான குறிகாட்டிகளில் எங்கும் இடமில்லை. நீதி இங்கே மக்களின் உரிமையாக அன்று, தலைவரின் நற்குணமாக வைக்கப்பட்டுள்ளது. நற்குணம் உள்ளவர் வந்தால் நீதி கிடைக்கும். வாராவிடின் அடுத்தவர் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். நல்ல மன்னன் வருவான் என்ற பழைய நம்பிக்கையே புதிய உத்தியோக மொழியில் இங்கு வாழ்கின்றது.

இவ்விலக்கணம் வெறும் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஒரு வாக்கியத்தின் எழுவாய் ஒருவரே எனின், வினை தவறும்போது தண்டனை பெறுபவரும் அவரே. 2010ஆம் ஆண்டையொட்டி, மிகத் தாழ்ந்த பெறுபேறு காட்டிய பாடசாலைகளைச் சீர்திருத்தவென மத்திய அரசு பணம் வழங்கியபோது, நான்கு வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு விதித்தது. அவற்றுள் ஒன்று பாடசாலையை மூடுதல். மற்றொன்று அதனை வேறு நிருவாகத்திடம் ஒப்படைத்தல். எஞ்சிய இரண்டிலும் முதற் கட்டளை அதிபரை மாற்றுக என்பதே. அந்நாட்டில் பாடசாலைப் பணத்தின் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகின்றது. செல்வர் வாழும் பிரதேசத்துக்கும் வறியோர் வாழும் பிரதேசத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவ்வரியிலேயே தொடங்கிவிடுகின்றது. வரியை மாற்றுதல் அரிது; அதிபரை மாற்றுதல் எளிது. பாடசாலை அனைத்தும் தலைவராலேயே ஆவது என்ற கொள்கை இவ்விடத்தில் யாருக்கு வசதியானது என்பதை வாசகர் தாமே உய்த்துணர்க.

சான்றிதழ் சந்தைப்பொருளாகும் கதையும் இதனோடு சேர்ந்ததே. கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரித் தலைவராயிருந்த ஆர்தர் லெவின், நிருவாகிகளைப் பயிற்றும் கற்கைநெறிகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட அறிக்கையில், அவற்றுட் பெரும்பாலானவை மிகத் தாழ்ந்த தரத்தின எனக் கூறினார். மேற்படிப்புச் சித்திகளுக்கேற்பச் சம்பளம் உயரும் ஏற்பாட்டில், அதிபராகும் எண்ணமே இல்லாத ஆசிரியரும் சம்பளத்துக்காக இக்கற்கைநெறிகளிற் சேர்கின்றனர். பல்கலைக்கழகங்களோ எளிய பாடங்களையும் மலிந்த பட்டங்களையும் வைத்து அவர்களைக் கவரப் போட்டியிடுகின்றன என அவர் காட்டினார். இவ்விடத்து ஆசிரியரைப் பழிப்பது அநீதி. வகுப்பறையில் நல்லாசிரியராய் இருப்பதனாற் கிடைக்காத சம்பள உயர்வு, வகுப்பறையை விட்டு வெளியேறுவதற்கான பட்டத்தாற் கிடைக்குமெனின், பிழை ஆசிரியரிடத்தன்று.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? ஒரு விடையின் தொடக்கத்தை எல்லா பிளாக் யங் பணியாற்றிய அதே சிக்காகோ நகரம் 1988இல் காட்டிற்று. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு பாடசாலைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபை அமைந்தது. பெற்றோர் 6 பேர், அயலில் வாழ்வோர் 2 பேர், ஆசிரியர் 2 பேர், அதிபர், உயர்நிலைப் பாடசாலையாயின் ஒரு மாணவர் என்போர் அதன் உறுப்பினர். நான்காண்டு ஒப்பந்தத்தில் அதிபரைத் தெரிவு செய்யவும், அது முடிந்தபின் அவரை நீடிக்கவோ விலக்கவோ அச்சபைக்கு அதிகாரம் உண்டு. மாநிலம் கோரும் தகைமை தள்ளப்படவில்லை. தகைமையுடையோருள் எவர் தமக்கு ஏற்றவர் என்பதை மக்கள் தீர்மானித்தனர். கறுப்பினத் தாய்மாரும், மெக்சிக்கோவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரும் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து, அதிபர் பதவியை நாடி வந்தவரை வினவினர். வாக்கியத்தின் எழுவாய் மாறிற்று.

இதனை ஒரு பொற்காலமாக வருணிக்க நாம் விரும்பவில்லை. சில சபைகளிற் சச்சரவு மலிந்தது. பல தேர்தல்களில் வாக்களித்தோர் தொகை குறைந்தது. 1995இல் நகர முதல்வரின் கைக்குப் பாடசாலைகள் மாற்றப்பட்டபோது, பெறுபேறு தாழ்ந்த பாடசாலைகளின் சபைகளை மீறிச் செயற்படும் அதிகாரம் மேலிடத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அத்தொகுதியின் தலைவராக அமர்த்தப்பட்டவர் நகரத்தின் வரவு செலவுத் திட்டப் பணிப்பாளராயிருந்தவர். அவர் வகித்த பதவியின் பெயரும் அத்தியட்சகர் என்பதன்று, வணிக நிறுவனங்களில் வழங்கும் பிரதம நிறைவேற்று அதிகாரி என்பதே. மக்களுக்குக் கொடுத்ததை மீளப்பெற அதிகாரம் எப்பொழுதும் முயலும் என்பதற்கும் இஃது ஒரு பாடமே. ஆயினும் அச்சபைகள் முற்றாக அழிந்துவிடவில்லை. எழுத்தறிவு குறைந்த ஒரு பெற்றோரும் தம் பிள்ளையின் பாடசாலைத் தலைமையை மதிப்பிட வல்லவர் என்ற உண்மையை அவை ஒருமுறை நிறுவிவிட்டன.

நம் நாட்டிலும் அதிபர் சேவை உண்டு. அதற்குப் பரீட்சையும் தரங்களும் உண்டு. இங்குள்ள நிலையை அமெரிக்க நிலையோடு ஒன்றாக்குதல் தவறு. வரலாறு வேறு, அமைப்பு வேறு. ஆனால் உலகெங்கும் கல்வி அமைச்சுகள் தலைமைத்துவம், நியமம், குறிகாட்டி என்னும் சொற்களை ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் பெற்றுவரும் இக்காலத்தில், அச்சொற்கள் பிறந்த மண்ணில் அவை ஆற்றிய பணியை அறிந்திருத்தல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன் தரும். எந்த நியமம் எங்கிருந்து வந்து நம் மேசையில் வைக்கப்பட்டாலும் மூன்று வினாக்களை நாம் கேட்டல் வேண்டும். இதனை எழுதும்போது வகுப்பறையில் நிற்பவரிடம் கேட்டார்களா? இது வலியவருக்கும் எளியவருக்கும் ஒரே வகையாய்ச் செல்லுமா? இதன்படி தேறி வரும் தலைவர், தம்மை நியமித்தவருக்கு மட்டுமன்றித் தம்மிடம் பிள்ளையை ஒப்படைத்தவருக்கும் விடை கூறக் கடமைப்பட்டவரா?

இவ்வினாக்களுக்கு ஆம் என விடை வருமாயின் அந்நியமத்தை நாம் கைகொடுத்துக் காத்தல் வேண்டும்; சிபாரிசுக்கும் கட்சிச் செல்வாக்குக்கும் எதிரான படைக்கலம் அது. அல்ல என வருமாயின், எத்துணை அழகிய சொற்களால் இயன்றதாயினும், அது மேலிருந்து கீழ்நோக்கி எழுதப்பட்ட இன்னொரு கட்டளையே. தலைமை ஆசிரியர் என்ற பழைய பெயரில், அவரும் ஆசிரியருள் ஒருவரே என்ற உண்மை பொதிந்திருந்தது. பெயர் மீளாவிடினும் அவ்வுண்மை மீளவேண்டும்.